எல்லாம் சரி, ஓவர்

பிப்ரவரி 11

ரேடியோவுக்கு,

சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். காலையில் எழுந்து பார்த்தால் போர்வை நான்காக மடித்திருக்கிறது, அதன்மேல் தலையணை, பக்கத்தில் வீட்டுச் சாவி. அதிகாரி வந்து பார்வையிடப் போகிற மாதிரி எல்லாம் வரிசையாக இருக்கிறது, ஆளை மட்டும் காணோம். மூன்று மாதம் என் வீட்டில் இருந்தவன் இப்படியா கிளம்புவது?

மாமா அன்றைக்குக் கண்டக்டர் வேலைக்கே போகவில்லை. "நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? என் போனைத் துண்டுல சுத்தி ஃபிரிட்ஜுல வெச்சா எவனும் கேக்கத்தானே செய்வான்" என்று வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார். அவர் கேட்டது 'உனக்கென்ன பைத்தியமா' என்று. கேட்ட வாயை அவரே நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். உன் முதலாளி போன் செய்து, நீ அவருடைய மோட்டார் கடைக்கு வந்து சேர்ந்ததையும் மேல் அறையில் தங்கியிருப்பதையும் சொன்ன பிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது.

உன்னிடம் போன் இல்லை, யாராவது கொடுத்தாலும் பேச மாட்டாய். அதனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாகக் கடிதம் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். என்னுடையது கத்தரிக்கோல் பிடித்த கை.

எழுதக் காரணம் வேறு. உன் பேருக்கு அரசாங்கக் கவர் வந்தது. பிரித்துவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பியபின் மனநோய்க்காக நீ போட்டிருந்த இயலாமை உதவி மனுவைத் தள்ளிவிட்டார்கள். உன்னைச் சோதித்த டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'குறித்த நேரத்துக்கு முன்பே வந்தார். உடை நேர்த்தி. மரியாதையாகவும் தெளிவாகவும் பதில் சொன்னார். தூக்கம் நன்று, பசி நன்று, குறை எதுவும் இல்லை என்று மனுதாரரே தெரிவித்தார்.'

உடை நேர்த்தி. அந்தச் சட்டையைத் தைத்தது நான். இத்தனை வருடத் தையலுக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்த முதல் பாராட்டு, அதுவும் என் தம்பியின் மனுவைத் தள்ளுவதற்குக் கிடைத்தது.

தூக்கம் நன்று என்றாயாமே. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவிடிய விழித்திருந்தவன் யார், பக்கத்து வீட்டுக்காரனா? இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறது. செய். செய்கிறேன் என்று எனக்கு எழுது.

அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

இங்கு எல்லாம் சரி. அங்கும் எல்லாம் சரிதானே?

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று மாமாவிடம் சொல். அவருடைய போன் ஈரமாகிக் கெட்டிருந்தால் இங்கே அனுப்பச் சொல். சரிசெய்து அனுப்புகிறேன்.

டாக்டர் எழுதியதில் பொய் இல்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார். அவர் மேஜைமேல் இருந்த பலகையில் பெயருக்கு முன்னால் பட்டாளத்துப் பதவி போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கால் தானாகச் சேர்ந்துகொண்டது. "ஏதாவது குறை இருக்கா?" என்றார். அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரே பதில்தான் உண்டு. வரிசையில் நிற்கிறவனுக்குக் காலில் ஆணி ஏறியிருந்தாலும் "குறை இல்லை சார்" என்பான். நானும் அதைச் சொன்னேன். வெளியே வந்த பிறகுதான், நான் போனது எதற்கு என்பதே ஞாபகம் வந்தது.

உனக்கு இது விளங்காது. வயர்லெஸ்காரனுக்கு மணிக்கு ஒரு தரம் மேலிடத்திலிருந்து நிலவரம் கேட்பார்கள். "எல்லாம் சரி, ஓவர்" என்போம். மழையிலும் அதே, காய்ச்சலிலும் அதே. மற்றபடி எங்கள் வேலை அடுத்தவர் செய்தியை அனுப்புவது. எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்ப வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. என் சொந்தச் சேதியைச் சொல் என்றால் எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

மேல்முறையீடு வேண்டாம். அந்த அலுவலக வாசலில் கை போனவர்கள், கால் போனவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் இரண்டு கை இரண்டு கால் உள்ளவன் போய் உட்கார்ந்து எதைக் காட்டுவது?

வேலை நன்றாகப் போகிறது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டு, புதுச் செம்புக் கம்பி கட்டுகிறேன். சுற்றை எண்ணிக்கொண்டே கட்ட வேண்டும். எண்ணும்போது மனம் வேறெங்கும் போகாது. முதலாளி அதிகம் பேசாதவர். போன் வந்தால் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

தம்பி


பிப்ரவரி 26

ரேடியோவுக்கு,

அந்த டாக்டரை ஏமாற்றியது போதாதென்று என்னிடமும் 'இங்கு எல்லாம் சரி' என்று ஆரம்பிக்கிறாய். இனிமேல் அந்த வரியோடு வரும் கடிதத்தை நான் படிக்கப் போவதில்லை. (படிப்பேன். ஆனால் கோபத்தோடு படிப்பேன்.)

சின்ன வயதில் உன் வாய் ஒரு நிமிஷம் ஓயாது. அதனால்தான் அம்மா உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தாள். பட்டாளத்தில் நிஜமாகவே ரேடியோவைக் கையில் கொடுத்தார்கள் என்று கேட்டு வீடே சிரித்தது. திரும்பி வந்தவனிடம் அந்தப் பேச்சு இல்லை. எங்கே விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்க எனக்கு இதுவரை தைரியம் வரவில்லை.

இப்போது நீ இருக்கிற ஊரின் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு மாமா போன் போட்டார். அவர் போனில் பேசுவது உனக்குத் தெரியும். பின்சீட்டில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்று கத்திப் பழகிய கண்டக்டர் குரல். உன் நோய்ச் சமாசாரம் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, அதற்கு மன்னித்துக்கொள். அங்கே மேல்முறையீட்டு வேலைகளைப் பார்க்கிற ஓர் அம்மாள் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் சொல்லித்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. நீ அந்த ஊருக்குப் போனதே அந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகத்தானாமே. வாரா வாரம் போகிறாயாமே. கேட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். கோபித்துக்கொண்டு போனாய் என்று நினைத்தவள் நான்.

ஆனால் உன்னைப் பார்ப்பது தற்காலிகச் சீட்டில்தானாம். இந்த நோய் பட்டாளத்தில் வந்தது என்று மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு ஒத்துக்கொண்டால்தான் தொடர்ந்து பார்ப்பார்களாம். ஆக, மனு தோற்றால் வைத்தியமும் போயிற்று. கை கால் போனவர்களுக்கு நடுவில் எதைக் காட்டுவது என்று கேட்கிறாய். நீ எதையும் காட்ட வேண்டாம், சொன்னால் போதும். அது உன்னால் ஆகாது என்றால் கூட இருந்து பார்த்தவர்கள் எழுதிக் கொடுக்கலாமாம். நான் எழுதப் போகிறேன்.

போன் அடித்தால் நீ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாய், அதை எழுதுவேன். உட்கார்ந்தே தூங்குவதை எழுதுவேன். ஃபிரிட்ஜையும் எழுதுவேன். சாப்பிட்டுக்கொண்டே இருப்பாய், திடீரென்று கை நின்றுவிடும், உதடு மட்டும் அசையும். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்பாய். அதையும் எழுதுவேன்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

எழுதாதே.

நீ பார்த்தது உன் வீட்டுக்குள் நடந்தது. உன் தம்பி என்பதால் பார்த்தாய். அதை முன்பின் தெரியாத மூன்று பேர் மேஜைமேல் விரித்து வைத்துப் பார்க்க வேண்டுமா? என்னை நடுத்தெருவில் நிறுத்தித் துணியை உருவுகிற வேலை இது. உன் வீட்டில் தங்கியதற்கு இது கூலியா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்.

மேலே உள்ளதை மூன்று நாள் முன்பு எழுதினேன். தபாலில் சேர்க்கவில்லை. இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். தற்காலிகச் சீட்டு முடிந்துவிட்டது என்று சன்னலில் இருந்த பெண் சொன்னாள். எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மா உள்ளே இருப்பது கதவு வழியே தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. "மேல்முறையீடு போட்டிருக்கீங்களா?" என்று சன்னல்காரப் பெண் கேட்டாள். பின்னால் வரிசை நின்றதால் நகர்ந்துவிட்டேன்.

கடைக்கு வந்து ஒரு மோட்டாருக்குக் கம்பி கட்டினேன். எண்ணிக்கை தப்பிவிட்டது. கட்டியதை எல்லாம் பிரித்துவிட்டு மறுபடி கட்டினேன். மறுபடியும் தப்பியது. முதலாளி பார்த்துவிட்டு விளக்கை அணைத்து, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

சாயந்திரம் சங்கத்துக்குப் போய் மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்காக இல்லை. நர்ஸம்மா என் பட்டாளத்து ஆவணங்களை வரவழைப்பதாகச் சொன்னார்.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. அதுவும் நான் எழுதியதுதான்.

தம்பி


மார்ச் 15

ரேடியோவுக்கு,

கூலி என்ற சொல்லை இரண்டு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தேன். வலித்தது. பிறகு, பொய்க்கு 'எல்லாம் சரி' என்பவனைவிட நிஜமாகத் திட்டுகிறவன் மேல் என்று தோன்றியது. நீ என்னைத் திட்டி எத்தனை வருடமாயிற்று! மாமாவிடம் படித்துக் காட்டினேன். "பரவாயில்லையே, பழைய ஆளு உள்ளதான் இருக்கான்" என்றார்.

கையெழுத்துப் போட்டதற்குச் சந்தோஷம். எனக்காக இல்லை என்றாய். அதற்கும் சந்தோஷம்.

எழுதாதே என்று உன் கடிதம் வருவதற்குள் எழுதிவிட்டேன். ஆனால் அனுப்பவில்லை. உன்னைக் கேட்காமல் அனுப்புவது சரியில்லை என்று எனக்கே தெரியும். நேரில் வந்து நானே சொல்லலாம் என்றால், மாமாவுக்குக் குடலிறக்க ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அவரை விட்டுவிட்டு வர முடியாது. மனிதர் இருமினாலே ஊரைக் கூட்டுவார், ஆப்பரேஷன் முடிந்து என்ன பாடுபடுத்தப் போகிறாரோ.

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சொந்தச் சேதி உனக்கு வராது, அடுத்தவர் செய்தியை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அனுப்புவாய் என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப நல்லது. இதோ என் செய்தி. ஒட்டிய கவரில் வைத்து இதோடு அனுப்புகிறேன். பிரிக்காதே. குழு முன்னால் போய்ப் பிரி. படி. உன்னைப் பற்றிப் பேசுவதாக நினைக்காதே. ஒரு தையல்காரி ஒரு செய்தி கொடுத்திருக்கிறாள், நீ அனுப்புகிறாய், அவ்வளவுதான்.

முடியாது என்றால் கவரைத் திருப்பி அனுப்பிவிடு. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

செய்தி கிடைத்தது. பிரிக்கவில்லை.

விசாரணை இந்த மாதம் இருபதாம் தேதி. கூட நர்ஸம்மா வருகிறார். பட்டாளத்து ஆவணங்கள் வந்துவிட்டன. அந்த நாளுக்கு நேராக 'கருவிக் கோளாறு' என்று இரண்டே சொல் இருக்கிறதாம். எந்த நாள் என்று நீ கேட்பாய். இப்போது கேட்காதே.

மாமா ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததா? எழுது.

நீ தைத்த சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறேன். அதைத்தானே போடுவது?

தம்பி


ஏப்ரல் 8

ரேடியோவுக்கு,

அந்தச் சட்டையைத் தொட்டாயோ, தெரியும் சேதி. வார்னிஷ் கறையோடு வேலைக்குப் போட்டுக்கொண்டு போவாயே, அந்தச் சட்டையோடு போ. ஷூவுக்குப் பாலிஷ் போடாதே. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்காதே. தைக்கிறவள் இப்படிச் சொல்வது தொழிலுக்கே இழுக்கு, ஆனாலும் சொல்கிறேன்.

மாமா நன்றாக இருக்கிறார். மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் போன் எங்கே?" பக்கத்துக் கட்டில்காரர் இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

எந்த நாள் என்று கேட்கவில்லை. நீ சொல்லாவிட்டாலும் நீ என் தம்பிதான்.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வழக்கமாக எழுதுகிற முதல் வரியை எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அந்தத் தாள் கெட்டுவிட்டதால் இது இரண்டாவது தாள்.

விசாரணை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

மாடியில் ஒரு நீள அறை. தலைக்குமேல் ஒரு விசிறி, அதன் பேரிங் தேய்ந்து ஓயாமல் முனகியது. எழுந்து கழற்றிவிடலாமா என்று கை அரித்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி. வலப்பக்கம் ஒரு மனநல டாக்டர், நான் முன்பு பார்த்திராத பெண். இடப்பக்கம் கணினியில் குறிப்பெடுக்கிறவர். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. நீ சொன்ன அழுக்குச் சட்டையோடுதான் போனேன். ஆனால் கால் சேர்ந்துதான் நின்றது.

"இப்ப எப்படி இருக்கீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"எல்லாம் சரி சார்" என்றேன்.

பக்கத்தில் நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். இப்படியே போனால் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருப்பேன். அப்போதுதான் சட்டைப் பையில் கவர் நெஞ்சில் குத்தியது.

என் அக்கா ஒரு செய்தி கொடுத்திருக்கிறாள், அனுப்ப வேண்டும் என்றேன். அனுப்ப என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் நிமிர்ந்தார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று தாளில் தேடினார். பிறகு "அனுப்புங்க" என்றார்.

பிரித்தேன். படித்தேன். செய்தி அனுப்புகிற குரல் ஒன்று உண்டு அக்கா. ஏற்றம் இறக்கம் இருக்காது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் போகும். அந்தக் குரலில்தான் படித்தேன். 'என் தம்பி படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை.' 'போன் மணி அடித்தால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பான்.' யாரோ ஒருவனைப் பற்றிப் படிப்பது போலத்தான் இருந்தது. பாவம் இவன் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். ஃபிரிட்ஜ் வந்தபோது கணினிக்காரர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

கடைசி வரிக்கு வந்தேன். 'சாப்பிடும்போது கை நின்று உதடு அசையும். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள மிகவும் ஆசைப்படுகிறேன்.' செய்தி முடிந்தது என்று சொன்னேன்.

டாக்டர் கேட்டார்: "உதடு என்ன சொல்லும்?"

அது தாளில் இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன். நீ எழுதாததை நான் அனுப்ப முடியாது. ஆனால் அவர் காத்துக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"கேக்குது" என்று சொன்னேன்.

அவர்கள் மூன்று பேருக்கும் புரியவில்லை. உனக்கும் புரியாது. அதனால் அவர்களுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

மலைமேல் ஒரு காவல்முனை. கீழே முகாமில் நான். மேலே நான்கு பேர், அதில் என்னைப் போலவே வயர்லெஸ்காரன் ஒருவன். பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் இருமுவான், அதனால் அவனுக்கு இருமல் என்று பேர். ஒரு மதியம் மேலே தாக்குதல். என் வயர்லெஸ் பெட்டியில் கேட்கிற பாதி வேலை செய்தது, பேசுகிற பாதி செத்துவிட்டது. அவன் சொல்வது எனக்குக் கேட்டது. நான் சொல்வது அவனுக்குப் போகவில்லை. "கீழே, கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டான். கத்தவில்லை அக்கா, இருமிவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டான். நான் "கேக்குது, சொல்லு" என்றேன். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். வயரை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், பெட்டியைப் பிரித்துப் போட்டேன். ஆட்கள் மேலே ஓடினார்கள். ஏறுவதற்கு வெகு நேரம் ஆகும் பாதை. இருட்டும்வரை அவன் கேட்டான். ஒவ்வொரு தரமும் நான் பதில் சொன்னேன். அப்புறம் அவன் கேட்கவில்லை.

போன் எடுத்ததும் எல்லோரும் அதைத்தானே கேட்கிறார்கள். ஹலோ, கேக்குதா? கடிதத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

சொல்லி முடித்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது. தலைவர் ஆவணத்தில் 'கருவிக் கோளாறு' இருந்த பக்கத்தை எடுத்து வெகு நேரம் பார்த்தார். "எங்க யூனிட்லயும் இதே மாதிரிப் பெட்டிதான்" என்று மட்டும் சொன்னார். முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம்.

உன் செய்தியில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அனுப்பினேன். அதற்குப் பின்னால் சொன்னது என்னுடையது.

தம்பி


மே 3

ரேடியோவுக்கு,

உன் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்து, கடைத் தரையில் உட்கார்ந்து முடித்தேன். பக்கத்துக் கடைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் கேட்டதற்கெல்லாம் நீ பதில் சொல்லியிருக்கிறாய். ஒரு தரம்கூட விடவில்லை. இதை நான் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

மாமாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். நீ வேண்டாம் என்று எழுதவில்லை, அதனால் சொன்னேன். அவர் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். நீ இங்கே இருந்த மூன்று மாதமும் அவருக்குப் போன் வந்தபோதெல்லாம் உன் காதுக்குப் பக்கத்தில் கத்தியது அதே சொல்லைத்தான். "எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாதுதான். மறுநாள் முழுக்க 'ஹலோ' மட்டும் சொல்லிப் பழகினார். சாயந்திரமே டெப்போவிலிருந்து போன் வந்தது. ஹலோ என்றார், அடக்கினார், முகம் சிவந்தது, கடைசியில் "கேக்குதா?" என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சத்தமாக வெடித்துவிட்டது. கண்டக்டர் வாய், என்ன செய்ய?

முடிவு வந்ததும் எழுது. எப்படி வந்தாலும் எழுது.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

இங்கு எல்லாம் சரியில்லை. தூக்கம் பாதி நாள் வருகிறது, பாதி நாள் இல்லை. நேற்று பகலில் இருமல் இரண்டு தரம் 'கேக்குதா' என்று கேட்டான். பசி இருக்கிறது. அங்கே நிலவரம் என்ன?

முடிவு வந்துவிட்டது. முந்தின தீர்ப்பை மாற்றிவிட்டார்கள். நோய் பணியில் ஏற்பட்டது என்று எழுதியிருக்கிறது. நர்ஸம்மா இரண்டு தரம் படித்துவிட்டு எனக்கு ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டினார். வைத்தியத்துக்கு இனிக் கெடு கிடையாது. சன்னலில் இருந்த அதே பெண்தான் புதுச் சீட்டைக் கொடுத்தாள். என்னை அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மூன்று தடவை போய்விட்டேன். டாக்டரம்மா எப்படி இருக்கீங்க என்பார். நான் பதில் சொல்ல நேரமெடுப்பேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நன்றாக இல்லை என்று சொல்ல முதல் நாள் இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இப்போது பரவாயில்லை.

எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். என்ன வேலை என்று சொல்ல மாட்டேன். செய்தால் உனக்கே தெரியும். செய்யாவிட்டால் நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

தம்பி


ஜூன் 21

ரேடியோவுக்கு,

உன் கடிதத்தின் முதல் வரியை மாமாவிடம் மூன்று முறை படித்துக் காட்டினேன். சரியில்லை என்று எழுதியதற்கு இந்த வீட்டில் ஒரு கொண்டாட்டம். எங்கள் நிலவரம் கேட்டாய். எனக்கு முழங்கால் வலி, மாமாவுக்குத் தையல் போட்ட இடத்தில் அரிப்பு, கடையில் பள்ளிச் சீருடை மலைபோல் குவிந்திருக்கிறது. இங்கும் எல்லாம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். நான் மெஷினில் இருந்தேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஏதோ தெரியாத நம்பர். இடது கையால் எடுத்து வழக்கம்போல ஆரம்பித்தார். "ஹலோ! ஹலோ, கேக்குதா? யாருங்க? கேக்குதா?" மறுபக்கம் சத்தமே இல்லை. அவர் விடுவாரா? நாலைந்து தரம் கேட்டார், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

பிறகு மாமா போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எவனோ 'கேக்குது'ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். கேட்டா பேச வேண்டியதுதானே?" என்று முணுமுணுத்தபடி மறுபடி சாப்பிட உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்தார். அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கை கழுவாமலே எழுந்து வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தத் தடவை உன் பதில் வந்து சேர்ந்தது, ரேடியோ. எங்களுக்குக் கேட்டது.

அக்கா